ரெண்டும் வலது

ரெண்டும் வலது. எப்படிப் பார்த்தாலும் வலதுதான். எபிநேசர் ரெண்டு ஷூவையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தான், இடம் மாற்றி வைத்தான், மேசை விளிம்பில் தாடையை முட்டுக்கொடுத்து மட்டத்தில் பார்த்தான், ஒரு கண்ணை மூடிக்கொண்டுகூடப் பார்த்தான். ஒரு பிரயோஜனமும் இல்லை. யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி ரெண்டும் ஒரே பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஈரத்தோல் வாடை, தேன்மெழுகு வாடை, நகக்கண்ணெல்லாம் மஞ்சிட்டிச் சிவப்பு. இப்பத்தான், கொஞ்சம் முன்னால்தான், இது ஜோடி. சத்தியமாக ஜோடி. பேக்கிங் ஆட்கள் வந்து பார்த்து, ‘அட, சூப்பரா கீதுடா’ என்று சொல்லிவிட்டுப் போன ஜோடி. ஒன்று முடிந்த ஷூ, இன்னொன்று திருப்பாத ஷூ. திருப்பாதது என்றால் உள்பக்கம் வெளியே இருப்பது. இந்தக் கண்றாவி ஷூவை அப்படித்தான் தைக்க வேண்டும், உள்ளே இருக்க வேண்டியதை வெளியே வைத்து, வெளியே தெரிய வேண்டியதை உள்ளே ஒளித்து, சுற்றிலும் அடித்தோலோடு சேர்த்துத் தைத்து, அப்புறம் தண்ணீரில் ஊறப்போட்டு, வாய் வழியாகக் கையை விட்டு மூக்கைப் பிடித்து இழுத்து, நனைந்த சட்டையைத் திருப்புகிற மாதிரி திருப்ப வேண்டும். திருப்பினால் தையல் உள்ளே போய்விடும், பூவேலை வெளியே வரும், பார்க்கிறவர்கள் எப்படித் தைத்தார்கள் என்று ஆச்சரியப்படுவார்கள். அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தான், மூக்கு மெதுவாக வெளியே வந்தது, சிவப்பு வந்தது, தங்கத்தாள் பூ ஒரு இதழ்கூட உதிராமல் வந்தது, சந்தோஷத்தில் விசிலடிக்கப் போனான், அப்போதுதான் அடி முழுசாகத் திரும்பி வலது காலாக வந்து நின்றது. விசில் வாயிலேயே காற்றாகப் போயிற்று. மிருணாளினி மேடம் சென்னையிலிருந்து கிளம்பிவிட்டார். வாலாஜா டோல்கேட் தாண்டிவிட்டார் என்று ஆபீசில் சொன்னார்கள். மேடத்துக்கு இந்த ஜோடி பிடித்தால் எபிநேசர் இதே சேம்பிள் ரூமில், இதே ஃபேனுக்குக் கீழே, நிரந்தரம். பிடிக்காவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து முதலாளியின் இன்னொரு இடம், ஆற்றோரத்தில் தோல் பதப்படுத்துகிற டேனரி, சுண்ணாம்புத் தொட்டி, ரப்பர் பூட்ஸ், அப்பாவுக்குப் பக்கத்து இடம். முதலாளி அப்படித்தான் சொல்லியிருந்தார், கோபமாகக்கூட இல்லை, பல் குத்திக்கொண்டே.

யார் கேட்டார்கள் இந்த ஷூவை. ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் எகிப்தில் எவனோ போட்டுக்கொண்டு நடந்த ஷூவை ஆம்பூரில் உட்கார்ந்து எதற்குத் தைக்க வேண்டும். எகிப்து என்றால் பிரமிடு, ஒட்டகம், துணி சுற்றின பிணம், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும், அதுவும் ஏழாம் வகுப்புப் புத்தகப் படத்தில். மேடம் வந்துதான் சொன்னார், அங்கே காப்டிக் கிறிஸ்தவர்கள் என்று இருக்கிறார்கள், அந்த மண்ணின் பழைய ஜனங்கள், தோல் செருப்பிலும் ஷூவிலும் அப்படி ஒரு கைவேலை, பிணத்தோடு சேர்த்துப் புதைத்தார்கள், மணல் காய்ந்த மணல் என்பதால் தோல் மக்காமல் கிடந்தது, தோண்டியவர்கள் அள்ளிக்கொண்டு போய் மியூசியங்களில் வைத்துவிட்டார்கள் என்று. ‘உங்க ஆளுங்கதான் எபிநேசர்’ என்று வேறு சிரித்தார். உங்க ஆளுங்களாம். அவன் ஆட்கள் பெத்லகேம் பேட்டையில் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு ஹவாய் செருப்பில் வருகிறார்கள், வாசலில் கழற்றிப் போட்டால் திரும்பி வரும்போது ஒன்று இருக்கும் ஒன்று இருக்காது. மேடத்துக்கு ஒரு கண்காட்சி, சென்னையில் தோல் சந்தை நடக்கிற மண்டபத்தில் ஒரு மூலையில், உலகத்துக் காலணிகள் எல்லாம் எப்படிச் செய்தார்கள் என்று. கண்ணாடிக்குள் வைத்துவிட்டுப் போனால் பரவாயில்லை. மேடத்துக்கு அது போதாது. ஒரு பொண்ணு அதைப் போட்டுக்கொண்டு மேடையில் நடக்க வேண்டுமாம், வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்க வருகிற பையர்கள் எல்லாம் பார்க்க. போட்டு நடக்காத ஷூ ஷூவே இல்லையாம். அதில் மட்டும் மேடம் சொன்னது சரி என்று அவனுக்கும் பட்டது, அதுதான் இன்னும் எரிச்சல். அப்புறம் விதிமுறை. பசை கூடாது, ஆணி கூடாது, மெஷின் கூடாது. மேலுக்கு ஆட்டுத்தோல், அடிக்கு மாட்டுத்தோல், ரெண்டும் குரோம் போடாமல் கருவேலங்காயில் பதப்படுத்தினது, ஏனென்றால் அந்த நாட்டிலும் அதே கருவேல மரம்தானாம், நைல் நதிக்கரையில். மேல்தோலுக்கு மஞ்சிட்டி வேரில் சிவப்பு. தையலுக்கு ஆளிநார் நூல், தேன்மெழுகு தடவினது. முன்பக்கம் நாக்கு மாதிரி ஒரு முனை, அதன் மேல் தோலை வெட்டி வெட்டிப் பூ, பூவுக்கு மேல் தங்கத்தாள், தங்கத்தாளை ஒட்ட முட்டை வெள்ளை. முட்டை வெள்ளைக்காக கேன்டீன் மணியிடம் போய் நின்றான், மணி மஞ்சள் கரு யாருக்கு என்று கேட்டான், உனக்குத்தான் தின்னு என்றான் இவன், சேம்பிள் ரூம் வேலை இவ்வளவு லட்சணமா என்று மணி ஊரெல்லாம் சொல்லிவிட்டான். குத்தூசியால் ஓட்டை போட்டு ஓட்டை போட்டு ஆள்காட்டி விரல் மரத்துப் போயிற்று. இதெல்லாம் பண்ணி, இவ்வளவும் ஒழுங்காகப் பண்ணி, கடைசியில் ரெண்டு வலது. எவனாவது தையல் கோணலாகப் போட்டு மாட்டுவான், பூவைக் கிழித்து மாட்டுவான். காலை மறந்து மாட்டினவன் உலகத்தில் இவன் ஒருவன்தான் இருப்பான்.

மறக்கவில்லை, அதுதான் கொடுமை. நல்லா ஞாபகம் வைத்திருந்தான். மேடம் கொடுத்த போட்டோவில் ஒற்றை ஷூதான், வலது கால், இன்னொன்று கிடைக்கவேயில்லையாம், மணலிலேயே கிடக்கிறதோ எவன் வீட்டு அலமாரியில் இருக்கிறதோ. மேல்பாகத்தில் கால் பேதம் கிடையாது, நடுவில் முனை, ரெண்டு பக்கமும் ஒரே அளவு, எந்தக் காலுக்கும் வைக்கலாம். அடித்தோல்தான் காலைச் சொல்லும், இடுப்பு வளைகிற மாதிரி ஒரு பக்கம் லேசாக உள்வாங்கி. அட்டையில் வலது காலுக்கு அச்சு வெட்டினான், தோலின் வழவழப்பான பக்கத்தில் அட்டையை வைத்து வரைந்தான், வெட்டினான், தைத்தான், திருப்பினான், வலது கால் வந்தது, எல்லாரும் கைதட்டினார்கள். இடது காலுக்கு அட்டையைத் திருப்பிப் போட வேண்டும், அது குழந்தைக்குக்கூடத் தெரியும். கட்டிங் செக்‌ஷனில் நின்ற காலமெல்லாம் அதுதான் வேலை, தோல் வெட்ட ஒரே இரும்பு டை, இப்படி வைத்து அடித்தால் வலது, கவிழ்த்து வைத்து அடித்தால் இடது, வலது இடது வலது இடது, கை தானாகக் கவிழ்க்கும், மனசு வேறெங்கோ மேயும். அதே கை இங்கேயும் அட்டையைக் கவிழ்த்தது. ஆனால் முதல் அடித்தோலில் பென்சில் கோடு வழவழப்பு மேல் அழியாமல் நின்றுவிட்டது, தேய்த்து எடுப்பதற்குள் தாவு தீர்ந்தது, அதனால் இந்தத் தடவை புத்திசாலித்தனமாகத் தோலையும் கவிழ்த்துச் சொரசொரப்பான சதைப்பக்கத்தில் வரைந்தான். அட்டையையும் கவிழ்த்தான், தோலையும் கவிழ்த்தான். ரெண்டு தடவை கவிழ்த்தால் பழையபடி நிமிர்ந்துவிடும் என்பது தெரியாமலா போயிற்று. தெரியவில்லை. ஜாக்கிரதையாக இருந்ததில்தான் தப்பு வந்தது, அலட்சியமாக இருந்திருந்தால் சரியாக வந்திருக்கும், இதை யாரிடம் போய்ச் சொல்வது. அதுவும் திருப்புகிற வரைக்கும் சதைப்பக்கம் வெளியே இருந்ததால் பார்க்கிறவன் கண்ணுக்கு அது இடது கால், பொய் இடது கால், முடிந்த வலது காலுக்குப் பக்கத்தில் வைத்தால் அசல் ஜோடி. லாஸ்ட் வைத்துத் தைத்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது, லாஸ்ட் என்கிற கால் அச்சு அதுவே வலது இடது என்று முகத்தில் அடித்தாற்போல் காட்டிவிடும், ஆனால் உள்பக்கத்தை வெளியே வைத்துத் தைக்கிற ஷூவுக்குள் அச்சை எங்கே நுழைப்பது. யாருமே கண்டுபிடிக்கவில்லை. தஸ்தகீர் பாய்கூடக் கண்டுபிடிக்கவில்லை. தஸ்தகீர் பாய் சேம்பிள் மாஸ்டர், இத்தாலிக்காரன் கொண்டுவருகிற பூட்ஸைத் தொட்டுப் பார்த்தே எங்கே தைத்தது என்று சொல்கிறவர், காலையில் இதே ஜோடியைப் பார்த்து மாஷா அல்லா என்றவர். இப்போது கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார், மேசையைப் பார்த்தார், சிரித்தபடியே வந்தவருக்குச் சிரிப்பு கன்னத்திலேயே நின்றுவிட்டது. ‘இன்னா பா இது.’ ‘ஷூ.’ ‘ஷூன்னு தெரியுது. இன்னொண்ணு எங்க?’ ‘இதான் பாய் இன்னொண்ணு.’ ரெண்டையும் கையில் எடுத்தார், அடியோடு அடி ஒட்டினார், கை கும்பிடுகிற மாதிரி ஒட்ட வேண்டியவை ஒன்றுக்கொன்று முறுக்கிக்கொண்டு நின்றன. ‘யா அல்லா. சேம்பிள் ரூம்ல ஒக்காந்துகினு ரெண்டு ரைட்டு தச்சிருக்க. நாளைக்கு எனக்கு ரெண்டு மூக்கு வெப்பியாடா?’ எபிநேசர் தோலைக் கவிழ்த்ததைச் சொல்ல ஆரம்பித்தான். பாய் கையைக் காட்டி நிறுத்தினார். ‘வெளக்கம் வேணாம். வேற அடி வெட்டித் தைக்க முடியுமா?’ முடியாது. தையலைப் பிரித்தால் ஓட்டை ஓட்டையாக மேல்தோல் கிழியும், மறுபடி திருப்பினால் தங்கத்தாள் சிலேட்டுத் தூள் மாதிரி உதிரும், சிவப்புத் தோல் மேடம் கொடுத்த அளவுக்குத்தான், மிச்சம் ஒரு நாக்கு வெட்டக்கூடத் தேறாது. ‘அப்ப ஒண்ணு பண்ணு,’ என்றார் பாய், குரலைத் தாழ்த்தி, ‘மேடம் கேட்டா, அந்தக் காலத்துல எடது வலது கெடையாது, ரெண்டு காலுக்கும் ஒரே அடிதான்னு சொல்லிடு. அவங்க கிட்ட இருக்கிறதும் ஒத்த ஷூ போட்டோதானே. யாரு போயி பாக்கப் போறா.’ சொல்லிவிட்டு பிரியாணி சொல்லப் போய்விட்டார். எது நடந்தாலும் பிரியாணி சொல்லிவிடுவார். ஆம்பூரில் முக்கால்வாசிச் சண்டை இப்படித்தான் முடிகிறது.

எடது வலது கெடையாதாம். அப்படியென்றால் அடி நேராக இருக்க வேண்டும், ரொட்டித் துண்டு மாதிரி, சீப்பு மாதிரி. எதற்கு ஒரு பக்கம் வளைத்து வெட்டினான் அந்தப் பழைய ஆள். கால் பேதம் பார்க்காதவன் வளைக்க மாட்டான், வளைத்தவன் கால் பேதம் பார்த்தவன், இதில் என்ன பெரிய ஆராய்ச்சி. பாய்க்கும் தெரியும். தெரிந்துகொண்டே சொல்கிறார். எபிநேசருக்கு எரிச்சலாக வந்தது, தன் மேல் கொஞ்சம், பாய் மேல் கொஞ்சம், அந்த எகிப்துக்காரன் மேல் நிறைய. இவ்வளவு வேலை எதற்கப்பா உனக்கு. சாகிற காலுக்குத் தங்கப்பூ. புதைக்கப் போகிற காலுக்குத் தையல் தெரியாமல் தையல். மேலே மணலைக் கொட்டப் போகிறார்கள், யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள். கதவு மறுபடி திறந்தது. ஸ்டிச்சிங் லைனிலிருந்து குமுதவல்லி அக்கா, தலையில் நூல் துணுக்கு, கையில் சாப்பாட்டு டப்பா. மேடையில் நடக்கப் போகிற பொண்ணு அவள்தான், போட்டோவில் இருக்கிற ஷூவின் அளவு யாருக்குப் பொருந்தும் என்று தேடியபோது லைன் முழுக்கக் காலை நீட்டினார்கள், அக்கா காலுக்கு அச்சடித்த மாதிரி இருந்தது, மேடம் அப்போதே தேர்ந்தெடுத்துவிட்டார், அக்காவும் புதுப்புடவை எடுத்துவிட்டாள். ‘ஆச்சாடா எபி? போட்டுப் பாக்கச் சொல்லி பாய் அனுப்பினாரு. ஈரமா இருந்தாலும் பரவால்லியாம், கால்லயே காயட்டுமாம்.’ பாய் அவளிடம் எதுவும் சொல்லியிருக்க மாட்டார். எபிநேசர் வாய் திறப்பதற்குள் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து வலது காலைப் போட்டுவிட்டாள், காலை அப்படியும் இப்படியும் ஆட்டி, ‘ஐயோ, அழகா கீதுடா’ என்றாள், இடது காலை நுழைத்தாள், நுழைந்தது, எழுந்தாள், நின்றாள், ஒரு அடி வைத்தாள், அப்புறம் அவனை மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். ‘ஏண்டா, எனக்கு ரெண்டு வலது கால் இருக்குதுன்னு எவன்டா ஒனக்குச் சொன்னான்?’ அவன் மெழுகு நூலை விரலில் சுற்றினான். ‘சொல்றா. எங்க வூட்டுக்காரரு சொன்னாரா? அவரு எனக்கு ரெண்டு வாய்னு வேணா சொல்லியிருப்பாரு.’ சிரித்தாள், சிரித்துக்கொண்டே இன்னொரு அடி வைத்தாள், கட்டைவிரல் மேல்தோலை முட்டிக்கொண்டு புடைத்தது, சுண்டுவிரல் பக்கம் காலியாக லொடலொடத்தது. ‘மூணாவது அடியில நான் கவுந்துடுவேன் எபி. அத்தினி பேரு பாக்க, புதுப்பொடவையோட.’ ‘பாய் கிட்டச் சொல்லுங்கக்கா.’ ‘நீ சொல்றா. தச்சவன் நீயி.’ ‘அந்தக் காலத்துல எடது வலது கெடையாதுன்னு சொல்லச் சொல்றாரு.’ அக்கா ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். ‘அந்தக் காலத்துல பொம்பளைங்களுக்கு மட்டும் எடது கால் இல்லியாமா?’ சொல்லிவிட்டு ஷூவைக் கழற்றாமலே டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதத்தை அள்ளினாள், பசி அவளுக்கு, காலை ஒன்றன் மேல் ஒன்று போட்டுக்கொண்டு தின்றாள், மேல் காலில் இருந்த ஷூ அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. ‘நீ சொல்லு, சொல்லாம போ,’ என்றாள் வாயில் சோற்றோடு, ‘நான் எப்படியாவது நடந்துடுவேன். ஒன் பொழப்பு போயிடக் கூடாது. அந்தச் சுண்ணாம்புக் குழிக்கெல்லாம் போகாத.’ இதற்கு அவள் திட்டியே இருக்கலாம்.

குழி. அவன் அதை நினைக்காமல் இருக்கத்தான் காலையிலிருந்து ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான், அக்கா சொன்னதும் அது வந்து எதிரே நின்றுகொண்டது. சுண்ணாம்பும் சல்ஃபைடும் கலந்த தண்ணீர், வெள்ளையாக, பால் மாதிரி, குடிக்கலாம் போல. அதில் மயிரோடு தோல் மிதக்கும், மயிர் கரைந்து சேறாகும், அழுகின முட்டை நாற்றம் சட்டையில் ஏறினால் சோப்புக்கு இறங்காது. அப்பா வீட்டுக்கு வந்தால் முதலில் நாற்றம் வரும், அப்புறம் அப்பா வருவார். சின்ன வயசில் அது அப்பா வாசனை என்று நினைத்திருந்தான், பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுப் பையன் மூக்கைப் பிடித்தபோதுதான் நாற்றம் என்று தெரிந்தது. அப்பாவின் விரலில் நகம் கிடையாது, நகம் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஏதோ இருக்கும், அந்த விரலால் கோயில் பாட்டுப்புத்தகத்தில் பக்கம் திருப்பவே வராது, எச்சில் தொட்டுத் தொட்டுத் திருப்புவார், பாட்டு முடிந்துபோகும். போன மழைக்காலத்தில் இன்னொரு டேனரியில் கழிவுத் தொட்டியைச் சுத்தம் பண்ண ஒருவன் இறங்கினான், வரவில்லை, என்ன ஆச்சு என்று பார்க்க இன்னொருவன் குனிந்தான், அவனும் வரவில்லை. குனிந்ததுதான். இறங்கக்கூட இல்லை. அதிலிருந்து எபிநேசருக்குக் கிணற்றை எட்டிப் பார்த்தால்கூட மூச்சு நின்றுவிடுகிறது, தண்ணீர் டிரம்முக்குள் சொம்பு விழுந்தால் எடுக்க மாட்டான். பதினொன்றாம் வகுப்புப் பாதியில் படிப்பை விட்டதற்கு, இயற்பியல் வாத்தியார் ‘நீயெல்லாம் செருப்பு தைக்கத்தாண்டா போவ’ என்றதுதான் காரணம் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறான், கேட்கிறவர்கள் வாத்தியாரை நாலு வார்த்தை திட்டுவார்கள், இவனுக்கு டீ வாங்கித் தருவார்கள். நிஜத்தில் அதெல்லாம் இல்லை. வாத்தியார் சொன்னார், வாஸ்தவம், ஆனால் விட்டது போரடித்ததால். புரியவும் இல்லை, புரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான், ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே போய்விட்டான். டேனரியில் கொஞ்ச காலம் தோல் தூக்கினான், முழங்கையில் கொப்புளம் வந்தது, அம்மா ஜெபித்தாள், கட்டிங்கில் ஆள் கேட்டார்கள், அங்கிருந்து இந்த ரூம். இங்கே வந்த பிறகுதான் ஏதோ ஒன்று அவனுக்குப் புரிந்தது. தோல் எந்தப் பக்கம் இழுத்தால் நீளும், எந்தப் பக்கம் நீளாது, ஆட்டின் முதுகு எங்கே, வயிறு எங்கே. புரிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தான், அதையும் கவிழ்த்து வெட்டியாயிற்று. அந்த எகிப்துக்காரனும் ஒருநாளாவது ரெண்டு வலது தைத்திருப்பானா. தைத்திருப்பான், கண்டிப்பாகத் தைத்திருப்பான், மனுஷன்தானே. தைத்துவிட்டு என்ன செய்தான். வாங்க வந்தவனிடம் எங்க ஊர்ல இப்படித்தான் என்றானா, வாங்க வந்தவன் செத்தவனுடைய அண்ணனோ மகனோ, அழுதுகொண்டிருப்பான், காலைப் பார்க்கவா போகிறான், மாட்டிவிட்டுக் குழிக்குள் வைத்திருப்பான். அப்படியே ஒரு பிணம் ரெண்டு வலதோடு எங்கேயோ மணலுக்கடியில் கிடந்தால், நியாயத்தீர்ப்பு நாளில் எழுந்து வரும்போது கோணிக்கொண்டு வருமே. அவனுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்புக்குப் பின்னாலேயே பயம் வந்தது, இதற்கெல்லாம் சிரித்தால் அம்மா அறைவாள். இல்லை, ஆனால் அவன் அப்படிச் செய்திருக்க மாட்டான். வளைவைப் பார்த்தாலே தெரிகிறது. இவ்வளவு மெல்லிசாக, கத்தியை எடுக்காமல் ஒரே இழுப்பில் வளைத்தவன் அப்படிக் கொடுத்திருக்க மாட்டான். கொடுத்திருந்தால்தான் என்ன, எனக்கென்ன. எனக்கென்ன என்று சொல்லச் சொல்ல அது போகவில்லை, பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி நாக்கு அங்கேயே போய்ப் போய் வந்தது.

வண்டிச் சத்தம் கேட்டது. பள்ளிகொண்டா தாண்டி எங்கேயும் நிற்காமல் வந்திருக்கிறார்கள். மிருணாளினி மேடம் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார், ஷூ ஃபேக்டரிக்குள் செருப்பைக் கழற்றுகிற ஒரே ஆள் அவர்தான், பின்னாலேயே தஸ்தகீர் பாய், பிரியாணி வந்துகொண்டிருக்கிறது மேடம் என்று சொல்லியபடி. மேடம் எங்கேயும் பார்க்கவில்லை, நேரே அக்காவின் காலுக்குத்தான் வந்தார், தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தே விட்டார். அக்கா டப்பாவை மூடி இடுப்புக்குப் பின்னால் ஒளித்தாள். ‘ஐயோ, என்ன அழகு,’ என்றார் மேடம், ‘தையல் எங்க போச்சு, தேடுறேன் தேடுறேன் கிடைக்கலையே.’ தங்கப்பூவை விரல் படாமல் தடவினார். அவர் கண்ணில் லேசாகத் தண்ணீர்கூட இருந்தது, நடிப்பு இல்லை, எபிநேசருக்கு நடிப்பு என்றால் தெரிந்துவிடும். நடிப்பாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம். ‘கொஞ்சம் நடங்களேன் குமுதா.’ அக்கா பாயைப் பார்த்தாள், பாய் ஃபேனைப் பார்த்தார். அக்கா நடந்தாள். ஜன்னல் வரைக்கும் போனாள், மேசையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள், உதட்டைக் கடித்துச் சிரித்தாள். மேடம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. ‘ரெண்டும் ஒரே மாதிரி வளைஞ்சிருக்கே.’ எபிநேசருக்குக் காதுக்குள் சூடாக ஓடிற்று, ஆச்சு, முடிஞ்சது, ஒரு வகையில் நிம்மதி, திட்டட்டும், திட்டிவிட்டால் விட்டது. மேடம் திட்டவில்லை. நெற்றி சுருங்கினது, அப்புறம் அந்தச் சுருக்கம் மெல்ல விரிந்து முகமெல்லாம் வெளிச்சமாகிவிட்டது. ‘ஓ! அந்தக் காலத்துல இடது வலதுன்னு பிரிக்கலையா? ரெண்டு காலுக்கும் ஒரே அச்சா? அதான் ஒத்த ஷூ மட்டும் கிடைச்சதா, எதை எங்க போட்டாலும் ஒண்ணுதான்னு?’ பாய் ஒன்றுமே சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் சொல்லச் சொன்ன பொய்யை மேடம் வரும் வழியில் எங்கேயோ கண்டெடுத்து, துடைத்து, மாலை போட்டு, தானே கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டார். ‘ஆமா மேடம், கரெக்டா புடிச்சிட்டீங்க,’ என்றார் பாய், ‘பையன்கூட அதான் சொல்லிகினு இருந்தான்.’ ‘எபிநேசரா கண்டுபிடிச்சது? தைச்சுப் பார்த்தே கண்டுபிடிச்சீங்களா?’ மேடம் எழுந்துவிட்டார், பையைத் துழாவி ஃபோனை எடுத்தார். ‘இதை நான் சொல்லக் கூடாது, நீங்கதான் சொல்லணும். கண்காட்சியில பெரிய திரையில ஓட விடறேன். ஒரு கைவினைஞர் தன் கையால கண்டுபிடிச்ச உண்மை. இங்க வாங்க, வெளிச்சத்துக்கு.’ உண்மையாம். அவன் தோலைக் கவிழ்த்துப் போட்டது உண்மையாகிவிட்டது. பெரிய திரையில் ஓடப்போகிறது, எவனோ பையர் பார்ப்பான், எழுதிக்கொள்வான், எகிப்து ஜனங்களுக்கு இடது கால் தெரியாது என்று ஊர் ஊராகச் சொல்வான், செத்துப்போன அந்த ஆள் வந்து மறுக்கவா போகிறான். எபிநேசருக்கு அந்த ஆள் மேல் பாசமெல்லாம் கிடையாது. திட்டை வாங்கிக்கொள்ளலாம், பாராட்டை எப்படி வாங்கிக்கொள்வது, தப்பாக வெட்டினதற்குக் கைதட்டினால் அந்தக் கையை என்ன செய்வது. வெளிச்சத்தில் போய் நின்றான். ஃபோன் கண்ணாடி அவனைப் பார்த்தது. பாய் பின்னால் வந்து, தோளில் கை போட்டு, சட்டைத் தையலைச் சரிபண்ணுகிற மாதிரி குனிந்து, ‘ஆமான்னு மட்டும் சொல்லுடா, திங்கக்கெழமை இதே ஃபேனு’ என்றார், அவர் மூச்சில் ஏலக்காய் வாசனை. பாவம் பாய், அவருக்கும் முதலாளிதான் பயம். குமுதா அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து இடது காலை மட்டும் ஷூவிலிருந்து பாதி உருவி, கட்டைவிரலை அமுக்கிக்கொண்டிருந்தாள், சொல்லித் தொலை என்று கண்ணைக் காட்டினாள். ‘சொல்லுங்க எபிநேசர்,’ என்றார் மேடம், ‘ஓடிட்டிருக்கு. இதுல இடது வலது இல்லைதானே?’

‘இருக்கு மேடம்,’ என்றான். குரல் அவனுக்கே பிடிக்கவில்லை, கரகரவென்று வந்தது. ‘இது ரெண்டும் வலது. எடது காலுக்கு வெட்டும்போது அட்டையையும் கவுத்துட்டேன், தோலையும் கவுத்துட்டேன், திருப்பின அப்புறம்தான் தெரிஞ்சது. அந்த ஆளு ஒழுங்காத்தான் தச்சிருப்பான். அக்கா காலைப் பாருங்க, வெரல் செவந்து கெடக்குது, இதப் போட்டுகினு மேடையில நடந்தா வுழுந்துடுவாங்க.’ மேடத்தின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி, ஃபோனையும் இறக்க மறந்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பாய் தோளை அழுத்தினார், ‘போதும் நிறுத்து’ என்றார். அக்காவும் ‘நிறுத்துடா’ என்றாள். எபிநேசர் மேசையில் கிடந்த அட்டையை எடுத்து, முதலில் எந்தப் பக்கம் வைத்தான், அப்புறம் எப்படிக் கவிழ்த்தான் என்று காட்ட ஆரம்பித்தான். நிறுத்து நிறுத்து என்று பாய் இன்னொரு தடவை சொன்னார். அவன் நிறுத்தவில்லை.